ஒயின் கூலரில் இ-1: போர்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு ரெசிஸ்டர் வாங்குங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. சேலத்தில் வைத்திருந்த 18 பாட்டில் ஒயின் கூலரை (கம்ப்ரஸர் மாடல்) மலைக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறது. 12 டிகிரி செட் செய்திருக்கிறேன். காலையில் டிஸ்ப்ளே 8 காட்டுகிறது, ஆனால் பாட்டிலைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை. மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. மூடுபனி அதிகமான நாட்களில் இ-1 என்று வந்து பீப் அடிக்கிறது. மெக்கானிக் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் போர்டு (கூலரை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) கடைசிச் சந்தேகம். சென்ஸார் வயரோ அதன் கனெக்டரோதான் முதல் சந்தேகம். காரணம் புரிந்துவிட்டால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணைப் போர்டு நேரடியாக அளப்பதில்லை. கூலருக்குள் மிளகு அளவில் ஒரு என்.டி.சி தெர்மிஸ்டர் இருக்கிறது. அதுதான் சென்ஸார். குளிர்ந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறும், சூடானால் இறங்கும். போர்டு அளப்பது அந்த ஓம் மதிப்பை மட்டுமே. அதைத் தன் மனப்பாடக் கணக்கில் போட்டு டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. வயரில் எங்காவது தொடுப்பு கெட்டு ரெசிஸ்டன்ஸ் கூடினால், பாவம் போர்டு, "உள்ளே நல்ல குளிர்" என்று நம்பி கம்ப்ரஸரை ஓட்டாமல் விட்டுவிடும்.

உங்கள் விஷயத்தில் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கூலர் உள்ளே உண்மையில் 19 டிகிரி என்று வையுங்கள். சாதாரண 10 கிலோ ஓம் சென்ஸார் (25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருப்பது) அப்போது 13 கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டும். டிஸ்ப்ளே 8 காட்டுகிறது என்றால் போர்டு பார்ப்பது 22 கிலோ ஓம். இடையில் இருக்கும் 9 கிலோ ஓம் களிம்பு பிடித்த கனெக்டர் பின்னிலோ, உள்ளே அறுந்து ஒன்றிரண்டு இழையில் தொங்கும் வயரிலோ ஒளிந்திருக்கிறது. தொடுப்பு முழுதாக விட்டுப்போனால் ரெசிஸ்டன்ஸ் எல்லை தாண்டிவிடும், இ-1 வரும். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் தொடுப்பு மறுபடி பிடித்துக்கொள்ளும். போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப் செத்துப்போயிருந்தால் இப்படி நேரம் பார்த்துக் கெட்டு நேரம் பார்த்துச் சரியாகாது.

ஒரு விஷயம்: இ-1, இ-2 ஆகியவற்றின் அர்த்தம் எல்லா மாடலுக்கும் ஒன்றல்ல. பலவற்றில் ஒன்று சென்ஸார் ஓப்பன் (தொடுப்பு அறுந்தது), மற்றது ஷார்ட் (இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டது). சிலவற்றில் அது தலைகீழ். இரண்டு அறை உள்ள மாடலில் இ-1 மேல் அறை, இ-2 கீழ் அறை என்றும் வைத்திருப்பார்கள். உங்கள் கையேட்டில் பார்த்துவிடுங்கள். ஹெச்.ஹெச், எல்.எல் என்று வந்தால் பெரும்பாலும் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிய சூடு, குளிர் என்று பொருள்.

முதலில் டிஸ்ப்ளே பொய் சொல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நடுத் தட்டில் ஒரு டம்ளரில் 200 மில்லி தண்ணீர் வைத்து, அதில் தனி தெர்மாமீட்டரின் முனையை மூழ்கவிட்டு, இரவு முழுக்கக் கதவைத் திறக்காமல் விடுங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காற்றில் தொங்கவிட்டால் கம்ப்ரஸர் ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று காட்டிக் குழப்பும். பாட்டிலுக்குள் இருக்கும் ஒயினைப் போல மெதுவாக மாறுவது தண்ணீர்தான். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சகஜம், அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

டிஸ்ப்ளே உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால் ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கிறது: கனெக்டர், வயர். அதிகமாகக் காட்டினால் எங்கோ மின்சாரம் கசிந்து ரெசிஸ்டன்ஸ் குறைந்திருக்கிறது. சென்ஸார் மேல் பூசிய எப்பாக்ஸி பசை விரிசல் விட்டு ஈரம் உள்ளே போயிருக்கும், அல்லது போர்டில் சென்ஸார் பின்களுக்கு நடுவே ஈர அழுக்கு படிந்திருக்கும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி பாட்டிலை உறைய வைத்துவிடும். ஒயின் மைனஸ் 5, 6 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும், கார்க் வெளியே தள்ளும். கசிவு சிறியதாக இருந்தாலும் விளைவு பெரிது. 12 டிகிரியில் 18 கிலோ ஓம் இருக்கும் சென்ஸாருக்குப் பக்கவாட்டில் 100 கிலோ ஓம் கசிவு சேர்ந்தாலே டிஸ்ப்ளே 16-க்குப் பக்கத்தில் போய்விடும். தெர்மாமீட்டரும் டிஸ்ப்ளேயும் ஒத்துப்போனால் சென்ஸார் நிரபராதி. அதைப் பற்றிப் பிறகு.

இனி அளக்கும் வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பத்து நிமிடம் காத்திருங்கள், பவர் சப்ளை பகுதியின் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை டி.சி தங்கியிருக்கும். சென்ஸார் பெரும்பாலும் உள்ளே பின்சுவரில், ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலோ ஃபேன் கவருக்குள்ளோ இருக்கும். அதன் இரண்டு மெல்லிய வயர் ஃபோம் வழியாகப் போய், பின்புறத் தகட்டுக்கு உள்ளேயோ மேல் பேனலிலோ உள்ள போர்டில் இரண்டு பின் வெள்ளைக் கனெக்டரில் முடியும். பின்தகட்டை எடுக்கும்போது செப்புக் குழாய்களை வளைத்துவிடாதீர்கள். இப்போது வரும் சின்ன கூலர்களின் குழாயில் இருப்பது பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியும் வாயு. அந்தப் பக்கம் சால்டரிங் அயர்ன்கூட வேண்டாம்.

கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். செருகியபடியே அளந்தால் போர்டில் இருக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து தவறான மதிப்பு வரும். மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் ரேஞ்சில் வையுங்கள். இரண்டு முனையையும் விரலால் பிடித்து அளப்பது பலரும் செய்யும் தவறு. உங்கள் உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான், ஈரக் கையாக இருந்தால் இன்னும் மோசம்.

10 கிலோ ஓம் சென்ஸாரில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. "பீட்டா" என்ற மதிப்பு (வெப்பம் மாறும்போது ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வேகமாக மாறும் என்பதன் அளவு) ஒன்றில் 3435, மற்றதில் 3950. தோராயமாக இப்படி இருக்க வேண்டும், முதல் எண் 3435-க்கு, இரண்டாவது 3950-க்கு:

0 டிகிரி: 27–29 கிலோ ஓம், 32–34 கிலோ ஓம்
10 டிகிரி: 18, 20
20 டிகிரி: 12.2, 12.5
25 டிகிரி: இரண்டுமே 10
30 டிகிரி: 8.3, 8.0
40 டிகிரி: 5.8, 5.3

25 டிகிரியில் 5 கிலோ ஓம் உள்ள சென்ஸார் போட்ட மாடல்களும் உண்டு. ஏற்காட்டு அறையில் 20 டிகிரி இருக்கும்போது 6 கிலோ ஓம் சொச்சம் காட்டினால் அது கெட்டுப்போன 10 கிலோ இல்லை, நல்ல 5 கிலோ. அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.

மீட்டரைப் பொருத்தி வைத்துக்கொண்டே வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் அந்த இடத்தில்தான் முறிவு. உங்கள் கூலர் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறது. வண்டியில் பின்தகட்டோரம் வயர் நசுங்கியிருக்கவும், பாதி செருகிய கனெக்டர் ஆடி நகர்ந்திருக்கவும் வாய்ப்பு நிறைய. எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், மலை வீடுகளில் கம்ப்ரஸர் சூட்டுக்கு எலி வந்து அண்டும்.

கனெக்டரின் உலோகப் பின்கள் பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, காயவிட்டு, நாலைந்து முறை செருகிக் கழற்றுங்கள். ஆனால் பச்சை பிடித்த கிரிம்ப் (வயரை நசுக்கிப் பிடித்திருக்கும் உலோக முனை) நெடுநாள் நிற்காது. களிம்பு வயரின் உறைக்குள்ளேயும் ஏறியிருக்கும். ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும் இடத்திலிருந்து புதுக் கனெக்டர் போடுவதுதான் சரி. வெட்டிய இடத்திலும் கருப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

அடுத்தது ஐஸ் சோதனை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் 0 டிகிரி இருக்காது. சென்ஸாரை மெல்லிய பாலித்தீனில் சுற்றி நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்துப் படியுங்கள். பட்டியலுக்கு ஒத்து வருகிறதா? பிறகு உறையை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் நேராக முக்குங்கள், பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் இருக்கட்டும். அந்த வெப்பநிலைக்கு இருக்க வேண்டியதைவிட ரெசிஸ்டன்ஸ் மளமளவென்று இறங்கிக்கொண்டே போனால் எப்பாக்ஸி உடைந்து தண்ணீர் உள்ளே போகிறது. அப்படிப்பட்ட சென்ஸாரை வெயிலில் காயவைத்தால் இரண்டு வாரம் ஒழுங்காக இருக்கும், அடுத்த மூடுபனியில் மறுபடி படுத்துவிடும். காயவைத்துத் திரும்பப் போடுவது வீண் வேலை.

கொதிநீரில் 100 டிகிரிக்குச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒயின் கூலருக்கு அந்த முனை தேவையும் இல்லை. வேண்டியது 5-லிருந்து 20 வரை.

இனி, தலைப்பில் சொன்ன ரெசிஸ்டர். 10, 18, 22 கிலோ ஓம் மதிப்பில் கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகக் கடையில் மூன்றும் சேர்த்து ஒரு டீ விலைகூட ஆகாது. சென்ஸார் இருந்த கனெக்டரில் அதற்குப் பதிலாக 10 கிலோவைப் பொருத்தி, அதன் கால்கள் எதிலும் படாதபடி டேப் சுற்றி, தகட்டை மூடிய பிறகு பிளக்கைப் போடுங்கள். டிஸ்ப்ளே 25 அல்லது அதற்கு ஒரு டிகிரி முன்பின் காட்டினால் போர்டு நலம், சென்ஸாரும் 10 கிலோ வகைதான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, 18 கிலோ மாட்டுங்கள். 12 காட்டினால் போர்டு எதிர்பார்ப்பது 3950, பத்தரை வாக்கில் காட்டினால் 3435. 22 கிலோவில் வித்தியாசம் இன்னும் தெளிவு: முறையே 8, 6. போர்டு எந்த சென்ஸாருக்குச் செய்யப்பட்டது என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்கும் முறை இது. ஸ்டிக்கர் கிழிந்த கூலருக்கும் செல்லும்.

மின்சாரம் இருக்கும்போது மட்டும் போர்டையோ சென்ஸார் வயரையோ தொடாதீர்கள். மலிவான போர்டுகள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. 5 வோல்ட் பகுதியும் 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். சின்ன வயர்தானே என்று பிடித்தால் அடிக்கும்.

ரெசிஸ்டர் மூன்றும் சரியாகக் காட்டினால் போர்டை மாற்றச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. 10 கிலோ போட்டும் இ-1 வந்தால் அல்லது எண் ஆடிக்கொண்டே இருந்தால், போர்டிலேயே அந்தக் கனெக்டரின் அடிப்பக்கச் சால்டரிங்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி மயிரிழை வட்டமாக விரிசல் தெரிந்தால், போர்டை வெளியே எடுத்து மேஜையில் வைத்து அதன் மேல் ஈயம் வைத்தாலே போதும். வெள்ளையாகவோ பிசுபிசுப்பாகவோ படிவு இருந்தால் ஆல்கஹாலில் கழுவிக் காயவிடுங்கள். இதெல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் மெக்கானிக் சொன்னதுதான் சரி. கோடை இடிமழைக்குப் பிறகு திடீரென்று வந்து, பிறகு மாறவே மாறாமல் நிற்கும் இ-1 என்றால் போர்டின் மேல் சந்தேகம் கூடும்.

புது சென்ஸார் வாங்கும்போது "ஃபிரிட்ஜ் சென்ஸார்" என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். 25 டிகிரியில் எத்தனை கிலோ ஓம், பீட்டா எவ்வளவு என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரருக்குப் பீட்டா தெரியாவிட்டால் ஐஸில் அளந்து பாருங்கள், மேலே கொடுத்த 0 டிகிரி வரி சொல்லிவிடும். 3950 இருக்க வேண்டிய இடத்தில் 3435 போட்டால் 12 டிகிரியில் ஒன்றரை டிகிரி அதிகமாகக் காட்டும், அதாவது கூலர் அந்த அளவு கூடுதலாகக் குளிர்விக்கும். சமாளிக்கலாம். 10 கிலோ இடத்தில் 5 கிலோ போட்டால் உள்ளே 12 இருக்கும்போது டிஸ்ப்ளே 27 காட்டும், கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது. "சென்ஸார் மாத்தியும் சரியாகல, போர்டுதான்" என்று முடிவு கட்டப்படும் கேஸ்களில் இந்தத் தவறை முதலில் தேடுவேன்.

சென்ஸாருக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எந்த வயரை எதனோடு சேர்த்தாலும் சரி. ஆனால் சேர்க்கும் விதம் முக்கியம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது சேலத்து வறண்ட காற்றில் சில வருடம் தாங்கலாம், ஏற்காட்டு ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. இரண்டு இணைப்பும் எதிரெதிரே வராமல் ஓர் அங்குலம் தள்ளி வெட்டி, ஈயம் வைத்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். முடிந்தவரை இணைப்பு குளிர் அறைக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் அதன் மேல் தண்ணீர் வியர்க்கும். ஆனால் பற்றவைக்கும் வேலையைக் கம்ப்ரஸர் பக்கம் செய்யாமல், சென்ஸார் முழுவதையும் உருவி வெளியே மேஜையில் வைத்துச் செய்யுங்கள். கனெக்டருக்கு முன் வயரை ஒரு தொங்கலாக வளைத்து விடுங்கள், வழியும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் மூடுபனிக் காற்று அந்த வழியே உள்ளே வந்து சென்ஸார் மேலேயே நீர்கோக்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தவிருங்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். சென்ஸார் பழைய கிளிப்பிலேயே உட்கார வேண்டும். பின்சுவரின் பனிபடியும் தகட்டில் ஒட்டினால் சீக்கிரமே நின்றுவிடும், கதவோரம் தொங்கினால் நிற்காமல் ஓடும்.

எல்லாம் மூடியபின் 24 மணி நேரம் ஓடவிட்டு, அதே டம்ளர் தண்ணீர் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு டிகிரிக்குள் ஒத்துவந்தால் போதும்.

தெர்மாமீட்டரும் டிஸ்ப்ளேயும் ஒத்துப்போய், ஆனாலும் செட் செய்த அளவுக்கு வரவில்லை என்றால் கோளாறு வேறு. இதை சேலத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாத, பெல்டியர் வகை சின்ன கூலர்கள் அறை வெப்பத்தைவிடச் சுமார் 12-லிருந்து 16 டிகிரிதான் குறைக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் மட்டும் சுற்றும் அறை 35 டிகிரி என்றால் உள்ளே 20 வந்தாலே அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதில் எத்தனை சென்ஸார் மாற்றினாலும் 12 வராது. கம்ப்ரஸர் வகையிலும் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் பாருங்கள். "என்" என்றால் அறை 32 டிகிரி வரை, "எஸ்.டி" 38 வரை, "டி" 43 வரை. சேலத்துக்கு கடைசி இரண்டில் ஒன்றுதான் பொருத்தம். உங்களுக்கு நேர்மாறான சிக்கல் வரும். இவை மூன்றுக்கும் கீழ் எல்லை 16 டிகிரி. மார்கழி இரவில் ஏற்காட்டு அறையே 13, 14-க்கு இறங்கினால், ஹீட்டர் இல்லாத கூலர் ஒன்றும் செய்ய முடியாமல் சும்மா நிற்கும். டிஸ்ப்ளே 12-க்குக் கீழே போனாலும் தெர்மாமீட்டரும் அதையே காட்டினால் விட்டுவிடுங்கள், ஒயினுக்குக் கேடு இல்லை.

மெக்கானிக்கிடம் சண்டை போடத் தேவையில்லை. "அண்ணா, சென்ஸாருக்குப் பதிலா 10 கே, 18 கே போட்டு டிஸ்ப்ளே என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க, அப்பவும் தப்பா காட்டினா போர்டை மாத்திடலாம்" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் மறுக்க மாட்டார், பத்து நிமிட வேலை. போர்டு மாற்றுவதென்று ஆனால் பழைய போர்டில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, புதுப் போர்டோடு அதற்குரிய சென்ஸாரையும் சேர்த்தே வாங்கச் சொல்லுங்கள். பழைய சென்ஸார் புதுப் போர்டுக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை.

வேலை முடிந்ததும் ஒரு ஸ்பேர் சென்ஸாரையும் அந்த 18 கிலோ ரெசிஸ்டரையும் சின்ன ஜிப் கவரில் போட்டு, ஓம் மதிப்பையும் பீட்டாவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பின்தகட்டின் வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஐப்பசி மழையில் இ-1 வந்தால், உதிரிப்பாகத்துக்காக மறுபடி சேலம் இறங்க வேண்டியதில்லை.